தோட்டத்தில் தும்பைக்கும் ஓர் இடம்

எங்கள் தெருவில் கடந்த பத்து வருடங்களில் எழும்பிய வீடுகளில் மண் தெரிகிற வீடு ஒன்றுகூட இல்லை. வாசல் கேட்டிலிருந்து பின்மதில் வரை சிமெண்டு, இல்லாவிட்டால் பேவர் பிளாக். அழகுக்கு நாலு தொட்டி, தொட்டியில் குரோட்டன்ஸ். மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடுகிறது. கேட்டால், "சுத்தமா இருக்குது சார்" என்கிறார்கள்.

சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவாவது வெறும் மண் விட வேண்டும், அதில் தும்பைச் செடி வளர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ரோஜா வைத்துக்கொள்ளுங்கள், செம்பருத்தி வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? கூடவே தும்பைக்கும் ஓர் இடம். "தும்பையைப் போய் யாராவது வளர்ப்பாங்களா? அது தானா முளைக்கிற களைதானே?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

தும்பையைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் என் பேத்தியின் வகுப்புத் தோழிகளுக்குத் தெரியவில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. தண்டைத் தடவிப் பார்த்தால் நாலு பட்டையாக இருக்கும். துளசிக்கும் அப்படித்தான், இரண்டும் ஒரே குடும்பம். இலை கொஞ்சம் சொரசொரப்பு. தண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. சிறு வயதில் அந்தப் பூவைப் பிடுங்கி அடியில் உறிஞ்சாத பிள்ளை உண்டா? நாக்கில் ஒரு துளி இனிப்பு, அவ்வளவுதான், அடுத்த பூவுக்குப் போய்விடுவோம். வேட்டி வெளுப்புக்கு உவமை சொன்னது இந்தப் பூவைத்தான். சிவனுக்கும் பிள்ளையாருக்கும் உகந்தது. சங்க காலத்தில் இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதுகிற போருக்கே தும்பைத் திணை என்று பெயர். செடிக்கு அறிவியல் வைத்த பெயர் லூகாஸ் ஆஸ்பெரா. முன்பாதி கிரேக்கத்தில் வெள்ளை, பின்பாதி லத்தீனில் சொரசொரப்பு. இருப்பதை அப்படியே சொல்லிவிட்டார்கள்.

(இடையில் ஒன்று. 'தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறது' என்கிற பழமொழிக்கும் இந்தச் செடிக்கும் சம்பந்தம் இல்லை. அது மாட்டின் தும்பு, கயிறு. ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் ஒரு மேடையில் செடியை வைத்து விளக்கம் சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்.)

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மொழிவழி. 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் எங்கள் பாடப் புத்தகங்கள் மட்டும் போகவில்லை. செடி கொடி, பூச்சி, பறவை எல்லாம் பிரான்சு நாட்டுச் சரக்கு. கோக்கிலிகோ என்று ஒரு சிவப்புப் பூ. கசகசாச் செடியின் இனம். கோதுமை வயலில் தானாக முளைக்கிற ஓராண்டுச் செடி. அதைப் பற்றி எத்தனை முறை டிக்தே எழுதியிருப்போம்! கோதுமை வயலையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் நாங்கள். பள்ளி மதிலோரம் தும்பை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அதற்குப் பிரெஞ்சில் என்ன பெயர் என்று ஒருநாள் முசியேவைக் கேட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மோவேஸ் எர்ப்" என்றார். கெட்ட புல், அதாவது களை. கோதுமைக்காரனுக்குக் கோக்கிலிகோவும் மோவேஸ் எர்ப்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு மட்டும் பெயரும் உண்டு, பாட்டும் உண்டு.

அந்தக் கோக்கிலிகோவின் பிற்காலக் கதையைக் கேளுங்கள். உலகப் போருக்குப் பிறகு களைக்கொல்லி வந்தது. வயலில் இருந்த சிவப்பும், கூடவே ப்ளுவே என்கிற நீலப் பூவும் குறைந்துகொண்டே போயின. இப்போது என்ன செய்கிறார்கள்? சாலை ஓரத்திலும், சும்மா கிடக்கிற நிலத்திலும் நகராட்சிகள் காட்டுப் பூ விதையைக் காசு கொடுத்து வாங்கித் தூவுகின்றன. பூங்கா, தோட்டம் போன்ற பொது இடங்களில் ரசாயனப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் அடிக்கக் கூடாது என்று 2014-இல் சட்டம் போட்டு 2017 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். 2019 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் அதே தடை. சென்ற வருடம் பிரான்சிலிருந்து வந்த என் அக்கா மகன் ஒரு விதைப் பொட்டலம் கொண்டுவந்தான். மேலே தேனீ படம் போட்டு, கோக்கிலிகோ, ப்ளுவே எல்லாம் கலந்தது. "மாமா, இதைப் போடுங்க, தேனீ வரும்" என்றான். பொட்டலத்தை ஷோகேஸில் வைத்திருக்கிறேன். டிக்தே எழுதிய ஞாபகத்துக்கு. எங்கள் செம்மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகின செடி காலடியில் இலவசமாக முளைக்கும்போது, அங்கே விலைக்கு வாங்கியதை இங்கே எதற்கு விதைப்பது?

அதோடு இன்னொன்று. கோக்கிலிகோப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான். தும்பையில் தேன் உண்டு. அந்த ஒரு துளிதான் இந்தப் பதிவின் விஷயமே.

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் தும்பைக்கு அடுத்து ஆறேழு கத்தரிச் செடி, நாலு தக்காளி, ஒரு பூசணிக் கொடி. தை மாதத்துக் காலை, ஒன்பது மணி வாக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தும்பைக்கு வருகிற கூட்டத்தைப் பார்க்கலாம். எறும்பு முதல் ஆள். பிறகு கொசு அளவே இருக்கிற கொசுத் தேனீ, கிளையில் ஒற்றை அடை கட்டுகிற கொம்புத் தேனீ, மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னப் பட்டாம்பூச்சிகள். இவை எல்லாம் ஒரு பூவில் உட்கார்ந்து நிதானமாக வேலை செய்யும். நடுவில் சர்ரென்று ஒன்று வரும். உட்காராது, காற்றில் நிற்கும், சடாரென்று பக்கவாட்டில் நகரும். கருப்பு வயிற்றில் நீல நீலமாகக் கோடு, வெயில் பட்டால் மின்னும். நீலப்பட்டைத் தேனீ என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் அதற்கென்று ஒரு பெயர் நான் கேள்விப்பட்டதில்லை. என் மனைவி 'கோட்டுக்காரன்' என்கிறாள். அதன் நாக்கு நீளம். தும்பைப் பூவின் குழாய் அடியில் இருக்கிற தேனை நுழையாமலே எடுத்துவிடும். எடுக்கும்போது பூவின் மேலுதடு அதன் தலையில் மகரந்தத்தைத் தடவி அனுப்பும். மேலுதட்டின் அடியில்தான் மகரந்தப் பைகள் ஒளிந்திருக்கின்றன.

இந்தக் கோட்டுக்காரன் அடுத்துப் போகிற இடம் கத்தரிச் செடி. அங்கே நடப்பதைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. நடுவில் மஞ்சளாகக் கூம்பு போல நிற்பவை மகரந்தப் பைகள். பெரும்பாலான பூக்களில் பை பிளந்து தூள் வெளியே தெரியும். கத்தரியில் பை பிளக்காது. நுனியில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை மட்டும் இருக்கும். மேசை உப்புப் புட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், குலுக்கினால்தான் விழும். காற்றாட்டத்தில் கொஞ்சம் விழும், அதனால் யாருமே வராவிட்டாலும் ஓரளவு காய்க்கும். ஆனால் இந்தத் தேனீ வந்து பூவைக் கால்களால் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், இறக்கைத் தசையை மட்டும் அதிர வைக்கும். ம்ம்ம் என்று ஒரு சத்தம் கேட்கும். பறக்கிற சத்தத்தைவிட மெல்லிய குரல். அந்த அதிர்வில் தூள் கொட்டும். தக்காளிக்கும் இதே வைத்தியம்தான். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டு மாதிரி இருக்கிற பெரிய மரத்துளைத் தேனீக்குத் தெரியும், இந்தக் கோட்டுக்காரனுக்குத் தெரியும், இன்னும் சில காட்டுத் தேனீக்களுக்குத் தெரியும்.

கணக்கு இப்போது புரிந்திருக்கும். கத்தரியும் தக்காளியும் அதற்குச் சோறு போடும், ஆனால் குடிக்க ஒன்றும் தராது. மகரந்தம் குஞ்சுகளுக்கு. பறக்கிற சக்திக்கு வேண்டிய தேனை அது வேறு எங்கோ குடித்தாக வேண்டும். அந்த வேறு எங்கோ பக்கத்திலேயே இருந்தால் கத்தரிக்கு நல்லது. இந்த மாதிரித் தனித் தேனீக்கள் வெகுதூரம் போகிறவை அல்ல, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அவற்றின் பிழைப்பு. அதாவது உங்கள் தெரு, அடுத்த தெரு. அதற்குள் ஒரு துளித் தேன் இல்லையென்றால் அது உங்கள் கத்தரிக்கு ஏன் வரப்போகிறது?

குரோட்டன்ஸில் அந்தத் துளி கிடைக்காது. நர்சரியில் விற்கிற அடுக்குப் பூக்களிலும் பெரும்பாலும் கிடைக்காது. அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா இவற்றில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும். நமக்குக் கண்ணுக்கு நிறைவு, பூச்சிக்குப் பூட்டின கடை.

தேன் மட்டும் போதாது, குடியிருக்க மண்ணும் வேண்டும். இது பலருக்குத் தெரியாது. தேனீ என்றாலே நமக்குக் கூடு, ராணி, ஆயிரக்கணக்கில் கூட்டம் என்று நினைப்பு. நீலப்பட்டைத் தேனீக்கு ராணியும் கிடையாது, ராஜ்யமும் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தன் பாட்டுக்கு மண்ணில் வளை தோண்டி, அறை கட்டி, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, ஒரு முட்டை இட்டு மூடிவிட்டுப் போகும். மண் சுவர், மழை படாத மேட்டு மண், பழைய வீட்டுச் சுண்ணாம்புக் காரை, இவை அதற்குப் பிடித்த இடங்கள். நான் பிறந்து வளர்ந்த முத்தியால்பேட்டை வீட்டில் திண்ணைக்கு மேல் காரை உதிர்ந்த சுவரில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். பென்சில் நுழைகிற அளவு. அப்பா அதைச் 'சுவர் வண்டு' என்று விட்டுவிட்டார். ஆண்களுக்கு வீடே கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஏதாவது காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு நாலைந்து பேர் வரிசையாகத் தொங்கித் தூங்குவார்கள். சென்ற மாசி மாதம் என் பேத்தி கைப்பேசி வெளிச்சத்தில் இதைக் கண்டுபிடித்து, "தாத்தா, இதுங்க வாயாலேயே பிடிச்சிக்கிட்டு தூங்குது!" என்று கத்தினாள். அவை தூங்கியது சென்ற வருடத் தும்பையின் காய்ந்த தண்டில்.

இப்படி ஒட்டுமொத்த வாழ்க்கையையும் காட்டுக்கோ அரசாங்கச் சரணாலயத்துக்கோ அனுப்பாமல், பத்தடிக்குள் நடத்திக்கொள்கிற ஜீவனை அப்புறப்படுத்த ஒரு லோடு பேவர் பிளாக் போதும்.

ஃபாப்ர் என்று ஒருவர் இருந்தார். ழான் ஆன்ரி ஃபாப்ர், தெற்குப் பிரான்சில். எங்கள் வாசகப் புத்தகத்தில் அவர் எழுதிய பூச்சிப் பாடங்கள் இரண்டு மூன்று வரும். ஏழைப் பள்ளி ஆசிரியர். ஆயுள் முழுதும் அவர் ஆசைப்பட்டது ஒரு துண்டு நிலம். பயிர் வைக்க இல்லை. யாரும் வேண்டாம் என்று கைவிட்ட, கல்லும் முள்ளும் களையும் மண்டின நிலம், ஏனென்றால் குளவியும் தேனீயும் அங்கேதான் வரும். 1879-இல், ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், சேரிஞ்ஞான் என்கிற ஊரில் அப்படி ஒன்று கிடைத்தது. அந்தப் பக்கத்து மொழியில் தரிசுக்கு ஆர்மாஸ் என்று பெயர். வீட்டுக்கும் அதையே வைத்துவிட்டார். 1915-இல் சாகும் வரை அங்கேயே உட்கார்ந்து பூச்சிகளைப் பார்த்தார், பத்துத் தொகுதி எழுதினார். இன்றைக்கு அந்த இடம் அருங்காட்சியகம். நம் ஊராக இருந்தால் பக்கத்து வீட்டார் சேர்ந்து நகராட்சிக்கு மனு கொடுத்திருப்பார்கள்.

மனு என்றதும் ஞாபகம் வருகிறது. முப்பத்துநாலு வருடம் எழுத்தராக இருந்து எத்தனையோ மனுக்களுக்குக் குறிப்பு எழுதியவன் நான். என் தோட்டத்தின் மேலேயும் வாய்மொழியாக ஒரு மனு வந்தது. பக்கத்து வீட்டு அம்மா நல்லவர், பொங்கலுக்குப் பொங்கல் கரும்பு அனுப்புகிறவர். மதில் மேலாக எட்டிப் பார்த்து, "சார், இவ்ளோ செடி இருந்தா கொசு வருது, பாம்பு வருது, ஒரு ஆளைச் சொல்லி மருந்து அடிச்சிடலாமா? எங்க வீட்டுக்கு வர்ற பையன்தான்" என்றார்.

கொசு முட்டையிடுவது தண்ணீரில், இலையில் இல்லை. அவர் வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளில் நின்ற தண்ணீரைக் காட்டினேன். அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. தும்பை கொசுவைக் கூப்பிடுவது இருக்கட்டும், காய்ந்த தும்பை இலையைப் புகை போட்டுக் கொசு விரட்டின ஊர் இது. பாம்பு விஷயம் வேறு. அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். புதரும், கல் குவியலும், எலியும் இருந்தால் பாம்பு வரும். அதனால்தான் என் தும்பை நடைபாதையை விட்டு நாலடி தள்ளி நிற்கிறது, அடியில் குப்பை சேரவிடுவதில்லை, முழங்காலுக்கு மேல் வளர்ந்தால் வெட்டிவிடுகிறேன். மருந்து மட்டும் வேண்டாம் என்று கைகூப்பினேன். அந்தப் பையன் தெளிக்கிற கிளைபோசேட்டை யார் வேண்டுமானாலும் அடிக்கக்கூடாது, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசே ஆணை போட்டிருக்கிறது. அதையும் சொன்னேன். அம்மாவுக்கு ஆணையைவிடத் தட்டுத் தண்ணீரில் நெளிந்ததுதான் வேலை செய்தது.

எல்லாக் களைக்கும் நான் வக்கீல் இல்லை. பார்த்தீனியம் கண்டால் அன்றைக்கே, பூக்கும் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குகிறேன். 1950-களில் இந்த நாட்டுக்குள் வந்து ஊரெல்லாம் பரவின செடி அது. சொறியும் இளைப்பும் தரும், பக்கத்தில் இன்னொன்றை வாழவிடாது. வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அடக்கமாக இருக்கிறது, பட்டாம்பூச்சிக்கு அதைப் பிடிக்கிறது, அதனால் மதிலோரம் விட்டிருக்கிறேன். நெல் வயலிலும் கடலைக் கொல்லையிலும் தும்பை களைதான், விவசாயி பிடுங்குவது நியாயம். நான் பேசுவது வீட்டுத் தோட்டத்தைப் பற்றி.

வளர்ப்பது எப்படி என்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனாலும் ஒழுங்கு இருக்கிறது. பங்குனி, சித்திரையில் செடி காயும்போது கொத்துகளை வெட்டிப் பழைய தினசரியில் தலைகீழாகத் தட்டுகிறேன். ஒவ்வொரு பூ உதிர்ந்த கிண்ணத்திலும் நாலு விதை, பழுப்பாக, சின்னதாக. கவரில் போட்டுத் தேதி எழுதிவிடுவேன் (குமாஸ்தா புத்தி). ஐப்பசி மழை தொடங்கும்போது மண்ணைக் கிளறிவிட்டு மேலாகத் தூவினால் போதும், புதைக்க வேண்டாம், உரம் வேண்டவே வேண்டாம். உரம் போட்டால் இலைதான் மண்டும். நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துச் சாணளவு இடைவெளி விட வேண்டும். கலைத்த நாற்று கீரைக்கு ஆகும். பூத்துக் களைத்த செடிகளில் பாதியை மேலாக வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துப் பூக்கும், மற்ற பாதி விதைக்கு. பாத்திக்குள் வந்ததைத் தயங்காமல் பிடுங்குங்கள். விட்டால் அடுத்த வருடம் கத்தரிக்கே இடம் இருக்காது.

இப்போது வீட்டு விவகாரம். என் மகன் இரண்டாவது கார் வாங்கப் போகிறான். மருமகளுக்கும் வேலை, அவளுக்கும் வண்டி வேண்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கார் நிற்கப் பின்பக்கத்தை முழுதும் பேவர் பிளாக் போட வேண்டும் என்கிறான். "அப்பா, தும்பை எங்க வேணாலும் முளைக்கும்பா, நம்ம வீட்டுலதான் இருக்கணுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அவனைக் கூட்டிக்கொண்டு லாஸ்பேட்டையில் எங்கள் தெரு, அடுத்த இரண்டு தெரு, மூன்றையும் நடந்து வந்தேன். காலி மனையே இல்லை. சாக்கடை ஓரம்கூட சிமெண்டு. ஒரு கோயில் மதிலடியில் மட்டும் ஐந்தாறு தும்பை நின்றது. அதையும் திருவிழாவுக்கு முன்னால் செதுக்கிவிடுவார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை.

காரை டேப் வைத்து அளந்தேன். கதவு திறக்க இடம் விட்டாலும் தென்மதிலோரம் பன்னிரண்டடி நீளத்துக்கு நாலடி அகலம் மிஞ்சுகிறது. அதில் எட்டடி தும்பைக்கு, நாலடி கத்தரிக்கு. மதிலின் உட்புறம் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு பூசாமல் செம்மண் சாந்து அப்பிவிட வேண்டும், குடியிருக்கிறவர்களுக்கு. மேஸ்திரி வரும் திங்கட்கிழமை அளவெடுக்க வருகிறார். கோடு போட்டு, நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்துச் சணல் கட்டி வைத்திருக்கிறேன். மகன் அதைப் பார்த்தான், குச்சியை அசைத்துக்கூடப் பார்த்தான், பிடுங்கவில்லை.

போன வருட விதை எட்டுக் கவர் மீதி இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கிற நண்பர்கள் ஐப்பசிக்குள் சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் வாருங்கள், அந்த நேரத்தில் நான் தோட்டத்தில்தான் இருப்பேன்.